சாய்ந்த சுவர்

ஏசிக் குளிரும் புதுக் கான்கிரீட்டின் ஈர வாசனையும் கலந்து முகத்தில் அறைந்தபோது, சென்னை வரை பஸ்ஸில் உட்கார்ந்தே வந்ததில் வீங்கிய என் கால்கள் இன்னும் வலித்துக்கொண்டிருந்தன. எனக்குப் பதினோரு வயது. ஆலங்குடியிலிருந்து அப்பா, அம்மா, நான் மூவரும் ஒரு நவீன ஓவியக் காட்சியகத்தைப் பார்க்கப் போயிருந்தோம். ஓவியம் பார்க்கும் பழக்கம் எங்களில் யாருக்கும் இருந்ததில்லை. அப்பா "சென்ட்ரிங்" வேலைக்காரர், அதாவது கான்கிரீட் ஊற்றுவதற்குப் பலகை அடைப்பவர். அந்தக் கட்டடத்தில் இரண்டு வருடம் கிடந்து உழைத்தவர், "ஒரு செவுருகூட நேரா இருக்காது, வந்து பாருங்க" என்று சொல்லிச் சொல்லியே எங்களைக் கிளப்பியிருந்தார்.

சொன்னது பொய்யில்லை. நடுவில் ஒரு தூணும் இல்லாமல் கூரை அலையலையாக வளைந்து இறங்கியது. கூடத்துப் பெரிய சுவரோ, அலுத்துப்போன ஆள் மல்லாந்ததுபோல் பின்பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. பூசாமல் விட்டிருந்த அதன்மேல் பலகையின் ரேகைகள் அப்படியே பதிந்திருந்தன. அப்பா படங்களைத் திரும்பியும் பார்க்காமல் நேரே போய் அந்த ரேகையின்மேல் உள்ளங்கையை வைத்தார்.

"செவுத்தத் தொடாதீங்க" என்றார் காவலுக்கு நின்ற பெண்.

"சரிங்க" என்று கையை எடுத்துவிட்டார் அப்பா. எனக்கு ஆத்திரமாக வந்தது. "நீங்க கட்டுனதுன்னு சொல்லுங்கப்பா" என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "அந்தப் புள்ள அது வேலையப் பாக்குது. அங்கிட்டுப் போவோம், வா" என்றார் அலுப்போடு.

அம்மாதான் நகரவில்லை. முந்தின நாள்வரை கடலைக் காட்டில் குனிந்தே கிடந்த உடம்பு அவளுக்கு. அப்படியே சுவரோரம் தரையில் உட்கார்ந்து, "எங்க வீட்டுக்காரரு போட்ட செவுருதாங்க இது. செத்த சாஞ்சுக்கிறேன்" என்று முதுகைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

அந்தப் பெண் சுவரையும் அப்பாவின் காய்த்த கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில், "நானும் காலையில இருந்து நின்னுட்டுதான்க்கா இருக்கேன். ஆபீசர் ரவுண்டு வர்றதுக்குள்ள எந்திரிச்சிருங்க" என்று சொல்லிவிட்டு எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார். அப்பாவும் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். தான் கட்டிய ஒரு கட்டடத்துக்குள் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அந்தக் கால்மணி நேரம்தான். எதிரே ஒரு பெரிய நீலப் படம் தொங்கியது. கண்ணைத் திறந்த அம்மா, "கம்மாயில தண்ணி நெறஞ்சு கெடந்தா இப்புடித்தான் இருக்கும்" என்றாள். அப்பா அப்போதுதான் முதல்முறையாக ஒரு படத்தைப் பார்த்தார்.

இப்போது நான் கீரனூரிலிருந்து தினமும் திருச்சிக்கு வேலைக்குப் போய் வருகிறேன். அப்பா என்னோடு இருக்கிறார், முழங்கால் தேய்ந்துவிட்டது. அம்மா இறந்து இரண்டு வருடமாகிறது. போன வாரம் ஒரு காலையில், "லீவு போடுறேன்ப்பா, அந்தச் செவுர இன்னொரு தடவ போய்ப் பாத்துட்டு வருவமா?" என்று கேட்டேன். அப்பா முழங்காலை நீவிக்கொண்டே, "ஒங்கம்மா இல்லாம அங்க போயி யாருக்குக் காட்ட?" என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.