வேலியில் ஒரு கூறைப்புடவை

இருபத்திரண்டு வருடம் அடுத்தவர் தோட்டத்தில் ஏலக்காய் பறித்த செல்வலட்சுமிக்கு, இன்று சக்குபள்ளத்தில் சொந்தமாக இருபது சென்ட் இருக்கிறது. அதில் இருநூறு இளம் ஏலச் செடிகள். மூன்றாவது முறையாக நட்டவை. முதல் நடவைக் காட்டுப்பன்றி கிளறிப் போட்டது. இரண்டாவதை ஆப்பிரிக்க நத்தை தின்று தீர்த்தது. இதுவும் போனால், மறுபடி கூலிக்கு ஜீப் ஏற வேண்டியதுதான்.

எது பெரிய எதிரி என்று வீட்டில் தினமும் வழக்கு.

"பன்னிதான்," என்பான் கணவன் சுருளிவேல். "ஒரே ராத்திரியில எல்லாத்தையும் பொரட்டிப் போட்டுரும்."

"அது உறுமிக்கிட்டு வரும், தகரத்தைத் தட்டுனா ஓடும். நத்தை சத்தமில்லாம குருத்தைத் தின்னுபுட்டு, ஓட்டுக்குள்ள தலையை இழுத்துக்கிட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி உக்காந்திருக்கும். எது மோசம்?" என்பாள் செல்வலட்சுமி.

"உறுமுறது அண்ணன், இழுத்துக்கிறது மதினி," என்று பக்கத்து வீட்டு ஞானஜோதி சிரிப்பாள்.

காற்றில் ஆடும் துணியை ஆள் என்று நினைத்துப் பன்றி திரும்பிவிடும் என்பதால், எல்லாரையும் போல சுருளிவேலும் வேலி நெடுகப் பழைய புடவைகளைக் கட்டினான். ஓடைப் பக்கம் ஒன்று குறைந்தது. டிரங்குப் பெட்டியைத் திறந்து, கையில் கிடைத்ததை எடுத்துக் கட்டிவிட்டான்.

மறுநாள் காலை, மழை விட்டதும் தோட்டத்துக்குப் போன செல்வலட்சுமி அலறினாள். சேற்றில் முந்தானை புரளத் தொங்கியது அவளுடைய கூறைப்புடவை!

"அடப்பாவி மனுசா! தாலி ஏறுனப்ப உடுத்தியிருந்த சீலையய்யா இது!"

"சாயம் போயிருந்துச்சு புள்ள... பழசுன்னு நெனச்சேன்."

"நானுந்தான் பழசு. என்னையும் வேலியில கட்டு!"

கண்ணீர் வழிய முந்தானையைத் தூக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். ஈரத்துணியின் குளிர்ச்சிக்கு மடிப்புக்கு மடிப்பு நத்தைகள் ஒட்டிக்கிடந்தன. ஜரிகை உதிர்ந்த இடமெல்லாம் அவை இழுத்த வெள்ளிக் கோடுகள். போன வருடமும் இந்த ஓடைப் பக்கமிருந்துதான் ஏறி வந்தன. திரும்பிச் செடிகளைப் பார்த்தாள். ஒரு குருத்தும் கடிபடவில்லை. வேலிக்கு வெளியே, பன்றியின் குளம்புத் தடம் வந்த வழியே திரும்பியிருந்தது.

அழுகையோடு சிரிப்பும் பொங்கியது அவளுக்கு. நத்தையைக் கொல்ல வைத்திருந்த உப்புத் தண்ணீர் வாளியில் அவற்றை உதிர்த்துப் போட்டாள். குற்ற உணர்வோடு முடிச்சை அவிழ்க்க வந்தான் சுருளிவேல்.

"அவுக்காதீங்க," என்றாள். "முந்தானையை இன்னுங் கொஞ்சம் எறக்கிக் கட்டுங்க."