திருப்பிச் சொன்ன வியாழக்கிழமைகள்

கும்மிடிப்பூண்டிப் பக்கம் நான் நர்ஸாக இருந்த சின்ன ஆஸ்பத்திரியில், வியாழக்கிழமை மத்தியானம் என்றால் எங்களுக்குக் கொண்டாட்டம். ஓ.பி. கூட்டம் கலைந்து, சாப்பாட்டு டப்பாவைக் கழுவி வைத்ததும் லேபர் வார்டில் கூடுவோம். டாக்டர் மேடம், நர்ஸுகள், ஃபார்மசிஸ்ட், ஆயாம்மா எல்லோரும் சேர்ந்து ஓர் அவசரத்தை நடித்துப் பார்ப்போம். பிரசவமான பெண்ணுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை, யார் என்ன செய்வது? பெரும்பாலும் இதுதான் கதை. சென்னையிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்து சொல்லிக்கொடுத்துவிட்டுப் போன பழக்கம். வெளியே தொழிற்பேட்டை லாரிகளின் இரைச்சல், உள்ளே எங்கள் கத்தல். முடிந்ததும் டீயும் பஜ்ஜியும். இப்போது திருவள்ளூரில் இதைவிடப் பெரிய இடத்தில் வேலை செய்கிறேன். ஏசி இருக்கிறது. அந்த வியாழக்கிழமை மட்டும் இல்லை. அதை நினைத்தால் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

பயிற்சியில் ஒரு விதி உண்டு. டாக்டர் எதைச் சொன்னாலும் கேட்டவர் அதை அப்படியே உரக்கத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னது சரியாகக் காதில் விழுந்ததா என்று எல்லோருக்கும் தெரிய வேண்டும் அல்லவா? தப்பென்று பட்டால் யார் வேண்டுமானாலும் நிறுத்தலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நம் வீடுகளில் பெரியவர்கள் சொன்னதைத் திருப்பிச் சொன்னால் கன்னம் பழுத்துவிடும். முதல் வாரமே மேடத்துக்கு முகம் சிவந்துவிட்டது.

"என்னம்மா, எனக்கே பழிப்புக் காட்டுறியா?"

"திருப்பிச் சொல்லணும்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க?" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவரும் சிரித்துவிட்டார்.

ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலில் வரும் என் தோழிக்கு அந்த வாய் கிடையாது. அவளும் நர்ஸ்தான். எங்களோடு இருந்தால் பேச்சை நிறுத்தமாட்டாள். மேடம் எதிரில் உதடு மட்டும் அசையும். "ஏண்டி, மந்திரம் ஓதுறியா?" என்று கிண்டல் செய்வேன்.

"உனுக்கு இன்னா, பேசிடுவ. எனுக்கு அவங்களப் பாத்தாலே நாக்கு ஒட்டிக்குது" என்பாள்.

அப்போது நான் முழுகாமல் இருந்தேன். வயிறு தெரிய ஆரம்பித்ததும், பயிற்சிப் பொம்மையை ஓரங்கட்டிவிட்டு நோயாளியாக என்னைப் படுக்க வைத்தார்கள். சொகுசான வேலை. மல்லாந்து படுத்துக்கொண்டு மற்றவர்கள் தடுமாறுவதைப் பார்த்துச் சிரிக்கலாம். கடைசி மாதங்களில் எனக்கு பி.பி. ஏறியது. மாத்திரையை விழுங்கிக்கொண்டு வேலைக்கு வந்தேன்.

பிரசவமும் அங்கேதான். பெண் குழந்தை, அழுகைச் சத்தம் கேட்டது. அப்புறம் எனக்குக் கீழே வெதுவெதுப்பாக நனைந்துகொண்டே போனது. ஆயாம்மா குரல் கொடுத்ததும் எல்லோரும் ஓடி வந்து அவரவர் இடத்தில் நின்றார்கள். ஊசி, டிரிப், வயிற்றை அழுத்திப் பிசையும் கை. ஒவ்வொன்றையும் ஒருவர் சொல்ல, இன்னொருவர் திருப்பிச் சொன்னார். நோயாளிக்கு ஒன்றும் புரியாமல் இருப்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். எனக்கு எல்லாம் புரிந்தது. முதல் மருந்துக்குக் கர்ப்பப்பை சுருங்கவில்லை.

மேடம் அடுத்த மருந்தைச் சொன்னார். ரத்தத்தை நிறுத்தும் மருந்துதான். ஆனால் பி.பி. இருப்பவர்களுக்குப் போடக் கூடாது. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிடக்கூடும். சொல்ல வாயெடுத்தேன். பல் கிடுகிடுவென்று அடித்ததே தவிரச் சத்தம் வரவில்லை. ஊசியை எடுக்க வேண்டியவள் என் தோழி. அவளா நிறுத்தப் போகிறாள்? தொலைந்தேன் என்றே நினைத்தேன்.

அவள் மருந்தின் பெயரைத் திருப்பிச் சொன்னாள். சொல்லும்போதே குரல் நின்றது. பிறகு அறையே அதிரும்படி, "மேடம், வேணாம்! இவளுக்கு பி.பி. இருக்குது!" என்றாள்.

"பி.பி. இருக்கு. அது வேணாம்" என்று மேடம் திருப்பிச் சொன்னார். வேறு மருந்து வந்தது. கொஞ்ச நேரத்தில் ரத்தம் அடங்கியது.

மறுநாள் மேடம் என் கட்டிலில் வந்து உட்கார்ந்து, அவளையும் கூப்பிட்டார். "பதட்டத்துல எனக்கு மறந்தே போச்சும்மா. நீ சொல்லலன்னா இவ நமக்குக் கிடைச்சிருக்க மாட்டா" என்றார். ஒரு டாக்டர் தன் வாயால் மறந்துவிட்டேன் என்று சொல்லி அதற்குமுன் நான் கேட்டதில்லை. இவளோ தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். மேடம் போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நீன்றதால கத்திட்டேன்டி. வேற யார்னா படுத்துக்கினு இருந்தா வாயத் தொறந்திருப்பேனா? எனுக்கே தெரியல."

பிழைத்த சந்தோஷத்துக்கு நடுவில் அந்தப் பேச்சு முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

குழந்தையோடு கடம்பத்தூரில் அம்மா வீட்டில் இருந்தபோது, ஒரு சாயங்காலம் அவள் போன் செய்தாள். மேடம் லீவாம். புதிதாக வந்த டாக்டர், பிரசவத்துக்கு வந்திருந்த ஒரு பெண்ணுக்கு ஒத்துக்கொள்ளாத ஊசியைச் சொல்லியிருக்கிறார். இவள் நிறுத்திவிட்டாள்.

"யாருடி அந்தப் பொண்ணு, உனக்குத் தெரிஞ்சவளா?"

"ஒடிசாக்காரிடி. கம்பெனி ஷெட்டுல தங்கிக்கினு இருக்கறவ. அவ பேரு கூட என் வாயில நுழையல."

குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, நான் பிழைத்த அன்றைக்கு அழாததையெல்லாம் சேர்த்து அழுதேன்.