டர்போ ஆறும் நேரம்

பத்து வயதில் எஞ்சினைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவுமே இல்லை. இன்றைக்கு என் ஸ்கூட்டர் நின்றுவிட்டால் முதலில் கண்ணாடியைத் துடைத்துப் பார்க்கிறேன். அவ்வளவு ஞானமும் எங்கே போனதென்று தெரியவில்லை.

வந்தது சித்தப்பாவிடமிருந்து. நாமக்கல்லில் போர்வெல் ரிக் வண்டிகளுக்கு எஞ்சின் பார்க்கும் பட்டறையில் அவருக்கு வேலை. எங்கள் வீடு பரமத்தி வேலூர் பக்கம். பதினோரு பேர். சித்தப்பாவுக்குக் கல்யாணமானபோது கூடத்தில் பீரோவைத் திருப்பிப் போட்டு ஒரு மறைப்புக் கொடுத்தார்கள். பீரோவுக்கு இந்தப் பக்கம் பிள்ளைகள் நாங்கள் நான்கு பேர் படுத்திருப்போம், பாதித் தூக்கத்தில், முழுக் காதோடு.

சித்தி சேலத்து அஸ்தம்பட்டிக்காரர். நான்கு மாதத்துக்குள் இரண்டு முறை தலைவலி என்று அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். மூன்றாம் முறை போனால் திரும்ப மாட்டார் என்று சமையலறையில் பேசிக்கொண்டதை நானும் கேட்டிருந்தேன்.

சித்தி நாமக்கல்லில் ஒரு கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்தார். சாயங்காலம் அவரையும், அந்த ஊரிலேயே படித்த எங்கள் நால்வரையும் பழைய எண்ணூறு சிசி காரில் சித்தப்பா அழைத்து வருவார். மேம்பாலம் ஏறும்போது கார் எங்களைவிட அதிகமாக மூச்சு வாங்கும். அதனால்தான் எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ ஒன்றை, உடைப்புக்கு வந்த சின்ன டீசல் காரிலிருந்து எடுத்து மாட்டினார்.

“வெடிச்சுக் கிடிச்சுப் போயிராதாப்பா?” என்றார் பெரியப்பா. முப்பது வருடம் லாரி ஓட்டியவர்.

“சின்ன எஞ்சினுங்கண்ணா. கொஞ்சமா ஊதுனாப் போதும். அழுத்தம் மீறுனா வால்வு தானாத் தொறந்துக்கும்.”

சொன்னபடியே வால்வின் ஸ்பிரிங்கை இளக்கமாக வைத்தார். பெட்ரோல் சற்றுத் தாராளமாக இறங்கும்படி செய்தார். டர்போவுக்கென்று தனி ஆயில் குழாய், சூட்டைக் காட்ட முன்னால் ஒரு மீட்டர். மேம்பாலத்தில் லாரிகளை முந்தினோம். நான் ஒவ்வொரு லாரிக்கும் நாக்கைத் துருத்திக் காட்டினேன்.

ஒரே ஒரு நிபந்தனை. வீடு வந்து கொல்லைப்புறத்தில் காரை நிறுத்தியதும் எஞ்சினை உடனே அணைக்கக் கூடாது. டர்போ சூடாக இருக்கும். ஆயில் ஓடி அது ஆற வேண்டும். பிள்ளைகள் இறங்கிவிடலாம். சித்தப்பா சத்தத்தைக் கேட்க வேண்டும், சித்தி மீட்டரைப் பார்க்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் தேவை என்றார் சித்தப்பா.

முதல் வாரம் இரண்டு நிமிடம் ஆறியது. பிறகு ஐந்து. ஐப்பசி முடிவதற்குள் இருபது நிமிடமாகிவிட்டது. வேலியோரம் நின்று கைக்கடிகாரத்தில் கணக்குப் பார்த்தவன் நான்தான். சித்தி மீட்டரைப் பார்த்ததாகவே தெரியவில்லை. ஒருநாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வீட்டுக்குள் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. தலைவலியும் அவருக்கு அப்புறம் வரவேயில்லை.

பெரியம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. “பெட்ரோலு என்ன கெணத்துலயா ஊறுது? அணைச்சுப்போட்டு ஊட்டுக்குள்ள வந்தா என்னவாமா?”

இந்த வழக்கைத் தீர்க்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். ஒரு சனிக்கிழமை பட்டறைக்குப் போனபோது பெரிய மிஸ்திரியிடம் விசாரித்தேன். “கடைசி ரெண்டு கிலோமீட்டரு மெதுவா ஓட்டியாந்தா ஒரு நிமிசம் போதுஞ் சாமி” என்றார். எங்கள் தெருவில் மெதுவாக ஓட்டாமல் வேறு வழியே இல்லை. அத்தனை எருமைகள்.

அன்று இரவுச் சாப்பாட்டில் எல்லோருக்கும் கேட்கும்படி தீர்ப்பை வாசித்தேன். மிஸ்திரியின் பெயரையும் சொன்னேன். ரசம் ஊற்றிக்கொண்டிருந்த சித்தியின் கை நின்றது. சித்தப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“கேட்டீங்களா?” என்றார் பெரியம்மா. “நாளையிலிருந்து ஒரு நிமிசந்தான்னு சொல்லிப்போடுங்க.”

பெரியப்பா என்னைப் பார்த்தார். கொல்லைப்புறக் கதவைப் பார்த்தார். கூடத்துப் பீரோவைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“அதெல்லாம் லாரிக்குச் சாமி,” என்றார். “பெரிய எஞ்சினு சீக்கிரம் ஆறிப்போகும். இது சின்னது பாரு, மெதுவாத்தான் ஆறும். அரைமணி நேரங்கூட ஆகுமுங்க,” என்று கடைசியைப் பெரியம்மாவிடம் சொல்லிவிட்டு, ரசத்துக்குக் கையை நீட்டினார்.

முப்பது வருடம் லாரி ஓட்டியும் மனுஷருக்கு எஞ்சினைப் பற்றி ஒன்றுமே தெரியவில்லையே என்று எனக்கு அவர்மேல் பரிதாபமாக இருந்தது. எல்லோர் முன்னாலும் அவர் மானம் போக வேண்டாமென்று, பெருந்தன்மையாக வாயை மூடிக்கொண்டேன்.