டார்ச் வெளிச்சத்தில் அனுப்பிய விண்ணப்பம்

அன்று மாலை என் கடையில் இருந்தது ஐந்து பேர். நான். நர்சிங் படிப்புக்கு விண்ணப்பம் போட வந்த பெண். சேதராப்பட்டு கம்பெனியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு அவளோடு வந்திருந்த அவள் அப்பா. டீக்கடை அக்கா. பக்கத்துக் கடையில் செல்போன் பழுது பார்க்கும் பாய். அவர் கொஞ்சம் பிந்தி வந்தார். யார் யார் இருந்தார்கள் என்பதை மட்டும்தான் என்னால் குழப்பமில்லாமல் சொல்ல முடியும்.

வில்லியனூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆன்லைனில் விண்ணப்பமும் போட்டுத் தருவேன். ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவள் ஊர்ப் பிள்ளைகளின் மார்க் ஷீட்டைக் கையில் வாங்கும்போது பயம் வரத்தான் செய்யும். பிறந்த தேதியை மூன்று முறை பார்ப்பேன். ஷட்டரைப் பூட்டிவிட்டுப் பாதி வழியில் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன். டீ வந்தால் லேப்டாப்பை மூடிவிடுவேன். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அதன்மேல் ஒரு கிளாஸ் டீ கொட்டினால் பிழைப்பே போய்விடும் என்று யாரோ சொன்னதிலிருந்து இந்தப் பழக்கம்.

அன்று விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். ஐந்து மணியோடு சரி. சான்றிதழ்களை ஏற்றவே இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. கட்டணம் ஐந்நூறு ரூபாய். அவள் அப்பாவின் போனிலிருந்து பணம் போகவே இல்லை. "நீ போட்டுடும்மா, நான் குடுத்துடுறேன்" என்றார். என் போனிலிருந்து கட்டினேன். கடைசிப் பட்டனை அழுத்த வேண்டியது மட்டும் பாக்கி. மணி நாலு பத்து. அந்த நேரம் பார்த்து டீக்கடை அக்கா மூன்று கிளாஸோடு உள்ளே வந்தார். என் கை தானாகப் போய் லேப்டாப்பை மூடியது.

டீயைத் தள்ளி வைத்துவிட்டுத் திறந்தேன். கறுப்பு.

உள்ளே ஃபேன் ஓடும் சத்தம் கேட்டது. கேப்ஸ் லாக்கை அழுத்தினால் அதன் விளக்கு எரிந்தது, மறுபடி அழுத்தினால் அணைந்தது. செத்த மிஷினில் ஃபேன் ஓடாதே. உயிரோடு இருக்கிறதென்றால் படம் எங்கே?

"இன்னாம்மா ஆச்சி?" என்றார் அவள் அப்பா.

"ஒண்ணுமில்லண்ணே, வந்துடும்."

வரவில்லை. இதற்கு முன் இரண்டு முறை இப்படி ஆனபோது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்து, திரும்பப் போட்டிருக்கிறேன். விரல் அங்கேதான் போனது.

"அக்கா, ஆஃப் பண்ணாதீங்க!" பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பணம் கட்டியாச்சி, ஆனா ஃபார்ம் இன்னும் போகல. எல்லாம் போயிடும்."

அணைத்தால் விண்ணப்பம் போய்விடும். அணைக்காமல் இருந்தால் படம் வராது. அதற்குமேல் எனக்கு யோசனை ஓடவில்லை.

"என் டீ மேல பழியப் போடாதடி, நான் வெச்சது அந்தாண்ட" என்று டீக்கடை அக்கா தானாகவே ஆரம்பித்தார். யாரும் அவரை ஒன்றும் சொல்லவில்லை. அவரே போய் பாயைக் கூட்டிவந்தார்.

பாய் கேப்ஸ் லாக்கைத் தட்டிப் பார்த்தார். பிறகு தன் போனில் டார்ச்சைப் போட்டு, ஸ்கிரீனுக்குப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தார். கறுப்புக்குள் ஏதோ சாம்பல் நிறத்தில் தெரிந்தது. குனிந்து பார்த்தால் அந்தப் பெண்ணின் பாஸ்போர்ட் போட்டோ.

"தோ, இருக்குது பாரு. படம் வந்துடுச்சி. பின்னாடி லைட்டுதான் எரியல" என்றார்.

உள்ளங்கை அளவு வெளிச்சம்தான். அதற்குள் அம்புக்குறி எங்கே? நான் மௌஸை நகர்த்த, பாய் டார்ச்சோடு துரத்த, பெண் கன்னத்தை ஸ்கிரீனில் ஒட்டாத குறையாக வைத்துக்கொண்டு வழி சொன்னாள். "கீழ... இன்னும் கீழ... ஐயோ போயிட்டீங்கக்கா, மேல வாங்க."

"டார்ச் அடிச்சி கம்ப்யூட்டர் பாக்குற கூத்த இன்னிக்கிதான் பாக்குறேன்" என்றார் டீக்கடை அக்கா. அவள் அப்பா மட்டும் சிரிக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பட்டனை அழுத்தியதும் ஒரு சிறு கட்டம் வந்தது. அதில் இரண்டு பட்டன். ஒன்று சரி, ஒன்று ரத்து. இருட்டில் இரண்டும் எனக்கு ஒன்றுபோலவே தெரிந்தன. பெண் எழுத்துக் கூட்டிப் படித்து, "இடது பக்கம்க்கா" என்றாள். அழுத்தினேன். எதுவும் நடந்ததாகத் தெரியவில்லை. மறுபடி அழுத்தலாமா, அழுத்தினால் கெட்டுவிடுமா என்று நான் கேட்டுக்கொண்டிருந்தபோதே அவள் அப்பாவின் போன் சத்தம் போட்டது.

"வந்துடுச்சி" என்றார்.

"இன்னாப்பா வந்துச்சி?"

"நம்பர்டி. உன் அப்ளிகேஷன் நம்பர் வந்துடுச்சி."

அப்போது மணி நாலு நாற்பது.

பிறகு பாய் லேப்டாப்பை மூடினார், திறந்தார். பளிச்சென்று வெளிச்சம் வந்துவிட்டது. எனக்கு அழுகையே வந்தது. மூடியதால் போனது, மூடியதால் எப்படி வரும்?

"இத முன்னாடியே பண்ணியிருக்கலாமே பாய்?"

"வராம மொத்தமா நின்னு போயிருந்தா நீதானே என்ன திட்டுவ?"

மூடினால் லேப்டாப் தூங்கப் போகிறதாம், பாய் சொன்னார். அதற்குமுன் ஸ்கிரீன் எந்த நிலைமையில் இருந்ததோ அதையெல்லாம் டிரைவர் என்ற ஒரு சின்னப் புரோகிராம் குறித்து வைத்துக்கொள்ள வேண்டுமாம். விழித்ததும் அதைப் பார்த்து ஒவ்வொன்றாகத் திரும்ப வைக்க வேண்டுமாம். என் மிஷினில் அது படத்தை வைத்துவிட்டு விளக்கை விட்டுவிட்டது. "டிரைவர் பழசு. புதுசு போட்டுத் தரேன்" என்றார். அடுத்த வாரம் போட்டும் தந்தார். அப்படியானால் முதல் முறை விட்டது இரண்டாம் முறை எப்படி நினைவுக்கு வந்தது என்று கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார். "அது எனக்கும் தெரியாதுமா."

புதிய டிரைவர் போட்ட பிறகு இதுவரை ஒரு முறையும் அப்படி ஆகவில்லை. ஆனாலும் டீயைக் கடைக்கு வெளியே நின்றுதான் குடிக்கிறேன்.

அந்தப் பெண்ணைக் கலந்தாய்வுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவளே வந்து சொன்னாள். அவள் அப்பா அன்று நம்பர் வந்த சந்தோஷத்தில் மகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஒதியம்பட்டுக்குக் கிளம்பிப் போனவர்தான். தினமும் கடையைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறார், தலையை ஆட்டிவிட்டுப் போகிறார். பணத்தைக் கொடுத்துவிட்டதாக நினைக்கிறாரா? கெடுக்கப் பார்த்தவளுக்கு எதற்குக் கொடுப்பது என்று நினைக்கிறாரா? கூப்பிட்டுக் கேட்கலாம் என்று வாசல்வரை போவேன். லேப்டாப்பை மூடிய கை என்னுடையது என்று ஞாபகம் வரும், திரும்பிவிடுவேன். கட்டணம் ஐந்நூறு, என் வேலைக்கு அறுபது. இன்னும் வர வேண்டியது ஐந்நூற்று அறுபது ரூபாய்.