ஸ்டெல்லா மேடம் பெர்ல் ஏற்றிய ஞாயிற்றுக்கிழமை

ஸ்டெல்லா மேடம் இறந்துவிட்டார். போன செவ்வாய்க்கிழமை காலை, சேலையூர் வீட்டில், காபி கலக்க எழுந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. அவருடைய தம்பி அருள் போன் செய்தபோது நான் கடை ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தேன். மேலே ஏற்றுவதா, கீழே இறக்குவதா என்று தெரியவில்லை. குனிந்து உள்ளே போனேன், வெளியே வந்தேன், மறுபடி உள்ளே போனேன். அன்றிலிருந்து ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. இதைக்கூடக் கல்லா மேசைமேல் வைத்து நின்றுகொண்டுதான் எழுதுகிறேன்.

மேற்குத் தாம்பரத்தில் எங்கள் கடைக்கு வந்து விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் ஏற்றிக்கொண்டு போன உங்களுக்கெல்லாம் அவரைத் தெரியும். அவர் எப்படி இந்தக் கடைக்கு வந்தார் என்பது தெரியாது. அதைச் சொல்ல இப்போது என்னை விட்டால் ஆளில்லை.

நான் மாடம்பாக்கத்துக்காரன். எண்பதுகளில் சைக்கிள் கேரியரில் ஸ்டெபிலைசர் கட்டி வீடு வீடாக விற்றவன். தொண்ணூறுகளில் ஜனம் கம்ப்யூட்டர் கேட்டது; பாகங்களை வாங்கிப் பூட்டி விற்றேன். மேடம் அப்போது ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். மோடம் வாங்க வந்தவர் விலையைக் கேட்கவில்லை. லினக்ஸில் ஓடாவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டார். எல்லோரும் மென்பொருளை அடித்துப் பிடித்துத் திருட்டுக் காப்பி போடும் காலத்தில், யாரோ சும்மா கொடுப்பதை நம்பி முதல் போடுகிறாரே என்று எனக்குச் சிரிப்பு. இலவசச் சாமானுக்கு எதற்கு மேடம் இவ்வளவு கவலை என்றேன்.

“இலவசம்னு யார் சார் சொன்னது? காசுக்குப் பதிலா பொறுமையைக் கட்டணும்” என்றார்.

பொறுமை என்னிடம் கையிருப்பில் இல்லாத சரக்கு. ஆனால் அந்தப் பதிலில் ஒரு வியாபாரம் இருப்பது எனக்குத் தெரிந்தது. குரோம்பேட்டையில் ரத்தப் பரிசோதனைக்கூடம் நடத்திய டாக்டர் ஒருவர் அப்போது என்னைக் குடைந்துகொண்டிருந்தார். அவருக்கு பம்மலிலும் அனகாபுத்தூரிலும் கிளைகள். மழை வந்தால் அனகாபுத்தூரில் ஆற்றுத் தண்ணீர் தெருவுக்கு வந்துவிடும், ரிசல்ட் எடுத்துவரும் ஆள் அங்கேயே மாட்டிக்கொள்வார். போன் லைன் வழியாக ரிசல்ட் வந்துசேர வேண்டும் என்பது டாக்டரின் ஆசை. மவுண்ட் ரோட்டுக் கம்பெனி சொன்ன விலையைக் கேட்டு என்னிடம் வந்திருந்தார். மேடம் அதற்கொரு இலவச மென்பொருளைக் கண்டுபிடித்தார். நான் அவரிடம் ஒரு வார்த்தை கொடுத்தேன்: இந்த வேலை ஓடினால் கடையில் நீங்கள் பங்குதாரர். அவர் அதை நம்பி சென்டர் வேலையை விட்டுவிட்டார். தகப்பன் இல்லாத வீடு, அருள் அப்போது காலேஜில். திங்கட்கிழமை காலை டாக்டர் முன்னால் அது ஓடாவிட்டால் எனக்கு ஒரு ஆர்டர் போகும். மேடத்துக்கு வீட்டு அடுப்பே அணையும்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அந்த மாதிரி மென்பொருள் தைத்த சட்டையாக வராது, துணியாக வரும். நம் மெஷினில் வைத்து நாம்தான் கட்ட வேண்டும். கட்டப் போனால் முதலில் பெர்ல் என்ற மொழி வேண்டும் என்னும். பெர்ல் இருக்கிறது என்றால், அதற்கு இன்ன துண்டு வேண்டும் என்னும். அந்தத் துண்டை ஏற்றப் போனால் அது வேறொரு துண்டைக் கேட்கும். எனக்கு இது புரியாத விஷயமில்லை. டி.வி. வாங்கினால் ஸ்டெபிலைசர் கேட்கும். ஸ்டெபிலைசர் மூன்று முனை பிளக் கேட்கும். பிளக் எர்த் கேட்கும். எர்த்துக்குக் குழி தோண்டினால் வீட்டு ஓனர் சண்டைக்கு வருவார். மேடம் கிண்டிக்கு மின்சார ரயிலில் போய், வேகமான இணைப்பு வைத்திருந்த ஒரு தோழியிடமிருந்து அந்தத் துண்டுகளை ஃப்ளாப்பி ஃப்ளாப்பியாக வாங்கி வந்தார். எது எதைக் கேட்கும் என்று பார்த்து, கடைசியாகக் கேட்கப்படுவதை முதலில் ஏற்றுவார். கடை மெஷினில் எல்லாம் ஓடியது. நான் ஸ்வீட் பாக்ஸுக்குச் சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை டாக்டர் இடத்தில் போய் ஏற்றினால், முதல் துண்டிலேயே நின்றது. உன் கட்டுமானக் கோப்பு பழையதாகிவிட்டது, புதிதாக எழுதிவிட்டேன், மறுபடி ஓட்டு என்றது. மேடம் ஓட்டினார். மறுபடியும் பழையதாகிவிட்டது என்றது. சற்றுமுன் எழுதியது எப்படிப் பழையதாகும்? நான் வாசலுக்கும் மெஷினுக்குமாக நடந்தேன். கடை மெஷினில் கட்டியதை அப்படியே காப்பி போட்டு எடுத்துவருகிறேன் என்றேன். இங்கிருக்கும் பெர்ல் வேறு பதிப்பு, இங்கேயே கட்டினால்தான் நிற்கும் என்று மறுத்துவிட்டார். சனியன் திட்டிக்கொண்டே இருக்கிறதே மேடம் என்றேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: “அது திட்டல சார், கேக்குது. என்ன கேக்குதுன்னு பாக்கறேன், கொஞ்சம் நடக்காம இருங்க.”

கோப்புகளின் தேதிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு திரும்பி, “இந்த மெஷினோட தேதி ரெண்டு வருஷம் பின்னாடி இருக்கு சார். நேத்து கொண்டுவந்த ஃபைலெல்லாம் இதுக்கு நாளைக்குப் பொறக்கப் போறது. அதான் எத எழுதினாலும் பழசுங்குது” என்றார். மெஷினுக்குள் தேதியைக் காக்கும் பேட்டரி செத்திருக்கும் என்பது அவர் எண்ணம்.

பேட்டரி இல்லை என்று எனக்கு அந்த நொடியே தெரிந்தது. இது எங்கள் தெருவின் வித்தை. ஒரு மாதம் ஓட்டிப் பார்க்கக் கொடுக்கும் கணக்கு மென்பொருளைக் காசு கொடுக்காமல் வருடக்கணக்கில் ஓட்ட, தினம் காலை மெஷினின் தேதியைப் பின்னால் தள்ளுவார்கள். அதே மெஷினின் மறுபாதியில் விண்டோஸும் கணக்கும் இருந்தன. கூடத்தின் மானேஜர் தணிகாசலத்தைக் கூப்பிட்டேன். ஊதுபத்தி ஏற்றும் கையோடு தேதியையும் மாற்றிவிட்டுத்தான் அவர் நாளைத் தொடங்குவாராம்.

“இன்னாத்துக்கு பலராமண்ணா ஊர்ல இல்லாத மாரி கேக்கற? நீதானே எல்லாருக்கும் சொல்லிக்குடுத்துக்கினு இருந்த” என்றார். மேடம் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

தேதியைச் சரி செய்தால் எங்கள் வேலை ஓடிவிடும். ஆனால் ஓட்டிப் பார்க்கும் மாதம் முடிந்தது என்று கணக்கு ஒரேயடியாகப் பூட்டிக்கொள்ளும். வருடக் கணக்கு மொத்தமும் அதற்குள். மென்பொருளைக் காசு கொடுத்து வாங்கிவிட்டதாகத் தணிகாசலம் டாக்டரிடம் சொல்லி வைத்திருந்தார். “தேதிய மாத்துனா என் வேல பூடும் மேடம். ரெண்டு பொண்ணு கீது எனக்கு” என்றார். குரல் இறங்கிவிட்டது.

நான் கணக்குப் போட்டேன். அவர் பொய்க்கு நாம் பொறுப்பில்லை. மாற்றிவிட்டு வேலையை முடிப்போம் என்று மேடத்தின் காதருகே சொன்னேன். அவர் எழுந்து நாற்காலியைத் தணிகாசலம் பக்கம் தள்ளினார்.

“மொதல்ல நீங்க உக்காந்து எல்லாத்தையும் பிரின்ட் எடுத்துக்கங்க. அப்புறம் நான் பாத்துக்கறேன்.”

மேடம், நாளைக்கு டாக்டர் வருகிறார், நம் கதி என்ன என்றேன்.

“எனக்கு வேலை போனா வேற சென்டர் தேடலாம். இவருக்கு எங்க சார் தேடறது?”

அந்த டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கத்திய கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது. மதியச் சாப்பாட்டு நேரம் போனது. ரிப்பன் மங்கியது, வேறு ரிப்பனுக்கு நான் வெயிலில் ஓடினேன். பேப்பர் மடிந்து சிக்கியது. நான் வெளியே போய் டீ குடித்தேன், வந்தேன், மறுபடி போனேன். டீக்கடைக்காரர் காசு வாங்குவதை நிறுத்திவிட்டு என்னைக் கவலையோடு பார்த்தார். மேடம் மட்டும் ஸ்டூலில் உட்கார்ந்து, எந்தத் துண்டுக்குப் பிறகு எந்தத் துண்டு என்று ஃப்ளாப்பிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். அவர் கால் விரல்கள் செருப்புக்குள் அசைந்துகொண்டே இருந்ததை ஒருமுறை கவனித்தேன். பயம் இல்லாதவர் இல்லை அவர்.

சாயங்காலம் கடைசித் தாள் வந்தது. மேடம் தேதியை மாற்றினார். துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக, முனகாமல் உட்கார்ந்தன. மறுநாள் காலை டாக்டர் கண்ணெதிரே அனகாபுத்தூரிலிருந்து முதல் ரிசல்ட் வந்து அச்சானது. கணக்கு மென்பொருள் தேதியால் பூட்டிக்கொண்டது, அதற்குப் பதில் பெர்லிலேயே சின்னதாக ஒன்று எழுதித் தருகிறேன் என்று மேடமே டாக்டரிடம் சொன்னார். அதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை. தணிகாசலத்தின் பெயரும் இல்லை. அந்த மனிதர் நேற்று கல்லறையில் எனக்கு முன்பே வந்து நின்றிருந்தார்.

அந்தத் திங்கட்கிழமை குரோம்பேட்டை பஸ் ஸ்டாப்பில் பங்குப் பேச்சை நான் எடுத்தேன். பேரம் பேசியது அவர்தான். தேதி தள்ளும் வித்தை இனி யாருக்கும் சொல்லக் கூடாது என்றார். ஒப்புக்கொண்டேன். கட்டத் தேவைப்பட்ட துண்டுகளையெல்லாம் வாங்குகிறவர் கையிலேயே கொடுத்துவிட வேண்டும் என்றார். அங்கேதான் இடித்தது. எல்லாவற்றையும் கொடுத்துவிட்டால் அவன் நம்மிடம் ஏன் திரும்பி வருவான் மேடம் என்று கேட்டேன்.

“வேற வழியில்லாம வரவன் வேணாம் சார். வழி தெரிஞ்சும் வரட்டும்.”

தாம்பரம் பஸ் ஒன்று நிற்காமல் போனது, அடுத்ததும் போனது. மூன்றாவது வருவதற்குள் சரி என்றேன். வியாபாரத்தில் நான் தோற்ற பேரங்கள் குறைவு. லாபம் தந்த தோல்வி இது ஒன்றுதான்.

நேற்று மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது அருள், “இனிமே கடை எப்படிண்ணா?” என்று கேட்டான். அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த பஸ் ஸ்டாப் வாய்ப்பேச்சு ஒன்றுதான், அதை மாற்ற எனக்கு உரிமையில்லை என்றேன். அவருடைய பங்கு இனி அவனுடையது. உங்களுக்கும் தெரிந்திருக்கட்டும்: லாபத்தில் சரிபாதி, திருட்டுக் காப்பி கிடையாது, கட்டத் தேவைப்பட்டது அத்தனையும் வாங்குகிறவர் கையில், அவர் அதை யாருக்குக் கொடுத்தாலும் நாங்கள் கேட்பதில்லை.