ஏற்றத்தில் தட்டிய எஞ்சின்

பதுளையில் மெக்கானிக் ஜௌபர் நானாவின் காதைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்வார்கள். பாதி புளுகு. இது புளுகல்ல, அன்று காரின் பின்சீட்டில் அவரிடம் வேலை பழகிய நானும் இருந்தேன்.

1985. ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தின் உதவி நிர்வாகியான சின்னத்துரை டர்போ கார் வைத்திருந்தார். டர்போ காற்றை அழுத்தித் திணிக்கும், காற்று சூடேறும், சூடு மிஞ்சினால் பெற்றோல் முந்திக்கொண்டு வெடித்து எஞ்சினுக்குள் தட்டும். துரை ஓடவிருந்த கார்ப் பந்தயத்துக்காக ஜௌபர் மெதைல் ஸ்பிரிட்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து, காற்றோடு தூவும்படி ஒரு டாங்கி பூட்டினார். காற்று குளிர்ந்தது. ஸ்பிரிட்டும் சேர்ந்து எரிவதால் பெற்றோலைக் குறைத்தார், பெற்றோலைப் பற்றவைக்கும் டைமிங்கை முன்னே தள்ளினார். கார் பறந்தது. ஆனால் ஸ்பிரிட் இல்லாமல் மிதித்தால் பிஸ்டன் உருகிவிடும்.

பந்தயத்துக்கு முதல்நாள் பின்னேரம் ஓட்டிப் பார்த்தோம். முதல் ஏற்றத்திலேயே எஞ்சின் தட்டியது; எனக்குக் கேட்கவில்லை, அவர் காதுக்குக் கேட்டது. ஜௌபர் நிறுத்தி, டாங்கியைத் திறந்து முகர்ந்தார். டாங்கி நிறையத் தண்ணீர்தான். அதை நிரப்பும் வேலையைக் கூட வந்த டிரைவரிடம் விட்டிருந்தோம்.

"பொன்னையா, ஸ்பிரிட் எங்க?"

துரையின் டிரைவர் பொன்னையா தலையைச் சொறிந்தான். "தொரை போத்தல்ல மிச்சம் எப்பவும் எனக்குத்தானுங்களே நானா. இன்னிக்கு மாடசாமி பூசை. ஸ்பிரிட்டுன்னா சாராயந்தானேன்னு படையலுக்குக் குடுத்துட்டு, டாங்கியில தண்ணிய ஊத்திட்டேன். இந்நேரம் பூசை முடிஞ்சு குடிக்க உக்காந்திருப்பாங்க."

தோட்டத்து வழக்கம் அது. நஞ்சென்று அவனிடம் சொல்லாதது எங்கள் மடத்தனம்.

"அது குடிக்கிற சாமான் இல்லடா! கண்ணு போகும், உசிரு போகும்!"

மெதுவாகப் போனால் எஞ்சின் பிழைக்கும். ஜௌபர் மிதித்தார். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குக் கீழ் வளைவில் புகை கக்கி நின்றது கார். மீதித் தூரம் ஓடினார்.

பன்னிரண்டு பேர் தம்ளரோடு உட்கார்ந்திருந்தார்கள். இன்னும் ஊற்றவில்லை. ஜௌபர் போத்தலை எட்டி உதைத்தார். சாமி படையலை உதைத்தவனைச் சும்மா விடுவார்களா? சட்டை கிழிந்தது. பின்னால் ஓடிவந்த பொன்னையா, "அது நஞ்சுங்க! நாந்தான் கொண்டாந்தேன்!" என்று கதறிய பிறகே கைகள் தளர்ந்தன.

மறுநாள் துரை குதித்தார். "டைமிங் பிழை சேர், நான்தான் வெச்சது" என்றார் ஜௌபர். தன் வேலையில் ஒரு குறை சொன்னால் ஊரையே இரண்டாக்கும் மனிதர்!

அதன்பின் வருடாவருடம் பூசையன்று லயத்துக்காரர்கள் போத்தலை கராஜுக்குக் கொண்டுவருவார்கள். முகர்ந்தெல்லாம் நஞ்சைக் கண்டுபிடிக்க முடியாது என்று அவரும் சொல்லிப் பார்த்தார், கேட்பாரில்லை. வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடிக்காத ஜௌபர் நானா மூக்கைச் சுளித்துத் தலையாட்டினால்தான் மாடசாமிக்கே படையல்.