அனுமதி தேவைப்படாத குழிகள்

தங்கச் சுரங்கத்தை ஒட்டிய ஆண்டர்சன்பேட்டைக் கடைத்தெருவின் நடுவே நிற்கும் புங்க மரங்களின் கீழ் உட்கார்ந்து வெற்றிலை போடுகிறவர்கள், அந்த நிழலையும் கல் மேடையையும் குழாயையும் பெரியவர்கள் முன்கூட்டியே யோசித்துச் செய்ததாக நினைக்கிறார்கள். அந்தப் பெரியவர்களிடம் குமாஸ்தாவாக, ஊரார் வாயில் ரைட்டராக, இருந்து பென்ஷன் வாங்குகிறவன் நான். அவர்கள் யோசித்த விதம் எனக்குத் தெரியும்.

முதலில் வந்தது குழாய்தான். அதற்கு முன் சுரங்கக் கூலிகளின் லைன் வீடுகளில் இருந்த பெண்கள் தண்ணீருக்காகப் பாலகாட் சுரங்கத்துப் பக்கத்துக் கிணறுவரை நடந்தார்கள். கடைத்தெருவில் வெயிலும் புழுதியும் மாட்டுவண்டிகளும் தவிர வேறொன்றும் கிடையாது. வந்தவர்கள் உப்போ புளியோ வாங்கிக்கொண்டு உடனே போய்விடுவார்கள். குழாய் வைத்த பிறகு, ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் அங்கே நின்று முகம் கழுவினார்கள். நின்றவர்கள் பேச ஆரம்பித்தார்கள்.

குழாய்க்குப் பக்கத்தில் ஒரு அம்மாள் கூழ்ப்பானையை இறக்கி வைத்தாள். சுரங்கத்தில் கல் விழுந்து அவள் புருஷனுக்குக் கால் போயிருந்தது. குடும்பம் அந்தப் பானையை நம்பித்தான் நடந்தது. முன்பெல்லாம் அவள் அதைத் தலையில் சுமந்து தெருத்தெருவாக விற்றாள். கை கழுவத் தண்ணீர் இருக்கிற இடத்தில் உட்கார்ந்ததும், ஆட்கள் அவளைத் தேடி வந்தார்கள்.

ஆனால் எங்கள் பெண்கள் குடத்தை அலசாமல் தண்ணீர் பிடிக்க மாட்டார்கள். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, அலசி, சந்தேகத்துக்கு இன்னொரு முறையும் அலசித்தான் குடத்தைக் குழாயடியில் வைப்பார்கள். அலசிய தண்ணீரெல்லாம் சரிவில் இறங்கி, தெரு நடுவில் சேறாகத் தேங்கியது. பன்றிகள் வந்து புரண்டன. அது பிளேக் பயம் பிடித்திருந்த காலம். டாக்டர் மேலிடத்துக்குப் புகார் எழுதினார். எஞ்சினியர் வந்து பார்த்துவிட்டு, குழாயடியில் குடம் அலசக்கூடாது, அடுத்த முறை வரும்போது சேறு இருந்தால் குழாயை மூடிவிட வேண்டும் என்று உத்தரவு போட்டார். உத்தரவை மூன்று மொழிகளில் பலகையில் எழுதி நட்டோம். சாயங்காலம் அந்தப் பலகையில் யாரோ சும்மாட்டுத் துணியைக் காயப்போட்டிருந்தார்கள்.

நானே போய்ச் சொன்னேன். "வீட்லயே அலசிக்கினு வாங்கம்மா. இல்லன்னா குழாய மூடிடுவாங்க."

"வீட்ல தண்ணி இருந்தா நாங்க ஏன் ரைட்டரே இங்க வரோம்?" என்றாள் குடத்தோடு நின்றிருந்த ஒருத்தி.

நான் பலகையைக் கைகாட்டினேன்.

கூழ் விற்கிற அம்மாள் அகப்பையைப் பானையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "மூடிட்டா மறுபடியும் பானைய தலையில தூக்கிக்கினு நான் தெருத்தெருவா போவணுமா? ஆபீசுல குந்திக்கினு ஊர்ல இருக்கறதெல்லாம் எழுதறீங்க. எனுக்கும் சேத்து எதுனா எழுதக்கூடாதா?"

அவளுக்காக எதை எழுதுவது என்று யோசித்தேன். சாக்கடை வெட்ட வேண்டுமானால் வரைபடம், எஸ்டிமேட், மேலிடத்து அனுமதி, டெண்டர் எல்லாம் வேண்டும். அதெல்லாம் முடிவதற்குள் சுரங்கத்தில் தங்கமே தீர்ந்துபோகும். ஆனால் தெருவில் மரம் நடக் குழி வெட்டுவதற்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. விதிகளை ஆக்கியவர்கள் மரம் நட ஒருவன் தானாக முன்வருவான் என்று எதிர்பார்க்கவில்லை போலும். சேறு தேங்குகிற தாழ்ந்த பக்கத்தில் மரக்குழி வெட்டினால், தண்ணீர் தானாகவே அதில் இறங்கும்.

இதை அந்த அம்மாளிடம் சொன்னேன். அவளிடம் கூழ் குடிக்கிற சுரங்க ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை தாங்களாகவே கடப்பாரையோடு வந்தார்கள். முழங்கால் ஆழத்துக்கு மூன்று குழி போதும் என்று சொல்லிவிட்டு நான் சாப்பிடப் போனேன். ஒரு தூக்கமும் போட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது தரையில் ஒருவரையும் காணோம். குழிக்குள்ளிருந்து பேச்சுக் குரல் கேட்டது. எட்டிப் பார்த்தால், இரண்டு ஆள் ஆழம். பக்கச் சுவர் சரியாமல் இருக்கப் பலகையும் முட்டுக் கட்டையும் வேறு.

"அய்யோ, இன்னாய்யா இது? மரம் நட குழி கேட்டா சொரங்க ஷாப்ட் எறக்கி வெச்சிருக்கீங்க!"

"எங்களுக்குக் குழின்னா இதான் ரைட்டரய்யா," என்றது ஒரு குரல். "பாற இன்னும் வரல. ஆள் எறக்கற கேஜ் ஒண்ணு மாட்டிக் குடுத்தீங்கன்னா சாயங்காலத்துக்குள்ள தங்கமே எடுத்துடலாம்."

மற்ற குழிகளிலிருந்தும் சிரிப்புச் சத்தம் வந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. தெரு நடுவில் இப்படி மூன்று பள்ளங்கள் இருப்பதைப் பார்த்தால், எஞ்சினியர் குழாயோடு சேர்த்து என்னையும் மூடிவிடுவார்.

கூழ் அம்மாள்தான் அதட்டினாள். "வெட்டனது போதும், மேல ஏறுங்க. கல்லப் போட்டு ரொப்புங்க. எவனாவது குடிச்சிட்டு வந்து உள்ள வுழப்போறான்."

உடைந்த கல்லையும் செங்கல் துண்டுகளையும் போட்டுக் குழிகளை நிரப்பினார்கள். மேலே மட்டும் மண் பரப்பி, குழிக்கொரு புங்கங்கன்று நட்டார்கள். பெரிய கற்கள் மிஞ்சின. அவற்றைக் குழாய்க்கு எதிரே மேடையாக அடுக்கினார்கள். அடுக்கியவர்களே முதலில் அதில் உட்கார்ந்து, பேட்டையையே விலைக்கு வாங்கியவர்கள்போல் காலை நீட்டிக்கொண்டார்கள்.

மறுநாள் பெண்கள் வழக்கம்போல் அலசினார்கள். தண்ணீர் சரிவில் ஓடி, கன்றுகளின் அடியில் இறங்கியது. முழங்கால் ஆழக் குழியாக இருந்திருந்தால் ஒரு நாளில் நிரம்பி வழிந்திருக்கும். இது எத்தனை குடம் ஊற்றினாலும் உள்ளே வாங்கிக்கொண்டது. அந்த வாரமே தரை காய்ந்தது. பன்றிகள் வேறு இடம் பார்த்துக்கொண்டு போயின.

எஞ்சினியர் வந்தார். மைசூர்ப் பக்கத்துக்காரர், தமிழ் புரியும், பேசுவது கன்னடம். காய்ந்த தரையையும், அவர் கண்ணெதிரிலேயே குடம் அலசிக்கொண்டிருந்த பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார். தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டார். கன்றுகள் குடிக்கின்றன என்றேன். ஒவ்வொன்றிலும் நாலைந்து இலைதான் இருந்தது. அவர் குனிந்து, கன்றின் ஓரத்து மண்ணைக் கைத்தடியால் குத்தினார். அடியில் கல் சத்தம் கேட்டது. என்னைப் பார்த்துக்கொண்டே கைத்தடியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டார்.

மரம் நன்றாகக் குடிக்கிறது, குழாய் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினார். அவர் இன்னொரு முறை குத்தியிருந்தால் நான் எழுத வேண்டிய விளக்கங்களை நினைத்தால், இன்றைக்கும் அவரைக் கும்பிடத் தோன்றுகிறது. எல்லாம் தெரிந்தும் கேள்வி கேட்காத அதிகாரி ஒருவரைத்தான் என் உத்தியோக காலம் முழுவதிலும் நான் கண்டேன். கேட்காமலே கடப்பாரை எடுத்து வந்தவர்களுக்கும், நான் சொன்ன அளவை அவர்கள் காதில் வாங்காமல் போனதற்கும் என் நன்றி.

வண்டி கண்ணுக்கு மறைந்ததும் கூழ் அம்மாளிடம் போய், குழாயை மூடப் போவதில்லை என்றேன்.

"நெசமாவா?"

"நெசம்தான்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நான் நின்றேன். பானையைத் தூக்கி, இரண்டு தப்படி தள்ளி, கல் மேடைக்கு அருகே வைத்தாள்.

"அப்போ நாளைக்கி இன்னொரு பானையும் கரைக்கணும்," என்றாள். "கொஞ்சம் நவுந்து நில்லுங்க ரைட்டரே, ஷிப்ட் வுடற நேரம்."